கடும் மெலிவுக் குழந்தைக்கு 92 கிராம் கடலைப் பசை: நைஜர் கணக்கும் சறுக்கும் இடங்களும்

#1 மணல்வழி

பட்டினி நிவாரணம் பற்றிய பழைய இழை அரசியல் சண்டையாகி மூடப்பட்டுவிட்டது. அதில் ஒருவர் கேட்ட நல்ல கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை: "நாலு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த நோய்க்கு, ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது எப்படிச் சரியாகும்?" அதற்காகவே இந்தத் தனி இழை. எல்லா நாட்டையும் இழுத்தால் எதுவும் தேறாது. நைஜரை மையமாக வைத்துப் பேசுவோம்.

அங்கே பழைய கம்பு தீர்ந்து புதுக் கம்பு அறுவடைக்கு வரும் வரை உள்ள காலம், ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை, குதிர் காலியாக இருக்கும். அதே மாதங்களில்தான் மழை, மலேரியா, வயிற்றுப்போக்கு. மூன்றும் ஒரே குழந்தையின் மேல் விழும். 2005 நெருக்கடியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த ஒரு நாட்டில் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்தது, மராடி வட்டாரத்தை மையமாக வைத்து. படுக்கை போட்டுப் பார்த்திருந்தால் அந்த எண்ணிக்கையை நினைத்தே பார்த்திருக்க முடியாது. பெரும்பாலான குழந்தைகள் வாரம் ஒருமுறை வந்து பாக்கெட் வாங்கிப் போனவர்கள்.

அந்தப் பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. வேர்க்கடலைப் பசை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்–தாது உப்புக் கலவை. பிரெஞ்சுக் குழந்தை ஊட்டச்சத்து மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் நூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷெல் லெஸ்கானும் 1996-இல் உருவாக்கியது. அதை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம் என்று 2000-இல் எத்தியோப்பியாவில் ஸ்டீவ் காலின்ஸ் குழுவும், அடுத்து மலாவியில் மார்க் மனாரியும் செய்து காட்டினார்கள். 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து ஒப்புக்கொண்டன.

தெரிந்தவர்கள் எண்ணோடு எழுதுங்கள். உருக்கம் வேண்டாம்.

#2 பூவரசு

முதல் சந்தேகத்தை நானே போட்டுவிடுகிறேன். நம்ம ஊர் சத்துமாவு, இலங்கையில் திரிபோஷ, நைஜரில் கம்பங்கூழ். இதையே நாலு வேளை கெட்டியாகக் கொடுத்தால் போதாதா? பிரான்சிலிருந்து கப்பலில் பசை எதற்கு?

#3 தராசுமுள்

பூவரசு, கணக்குப் போட்டாலே விடை வந்துவிடும். 7 கிலோ குழந்தை. மீண்டு வரும் கட்டத்தில் கிலோவுக்குச் சுமார் 200 கலோரி என்று வைத்தால் நாளைக்கு 1,400. கூழில் நூறு மில்லிக்குப் பத்து கிராம் மாவு இருந்தால் 36 கலோரி. அப்படியானால் ஏறக்குறைய நாலு லிட்டர் கூழ். அந்தக் குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு ஏற்பது கிலோவுக்கு 30 மில்லி, அதாவது 210 மில்லி. நாளைக்கு 19 தடவை ஊட்ட வேண்டும். விறகு பொறுக்கி, தண்ணீர் இறைத்து, வயலுக்கும் போகும் தாயிடம் இதைச் சொல்ல முடியுமா? கெட்டியாக்கினால் ஒட்டிக்கொள்ளும், விழுங்காது. பசையில் 100 கிராமுக்கு 520–550 கலோரி. மூன்று பாக்கெட்டில் வேலை முடிந்தது.

கலோரி மட்டும் விஷயமில்லை. மெலிந்த உடம்பு பொட்டாசியம், துத்தநாகம், மக்னீசியம் எல்லாவற்றையும் இழந்திருக்கும். தானியத்தில் உள்ள ஃபைடேட் இருக்கிற துத்தநாகத்தையும் கட்டிப்போட்டுவிடும். 2007 வரையறைப்படி 100 கிராம் பசையில் பொட்டாசியம் 1,100–1,400 மில்லிகிராம், துத்தநாகம் 11–14, இரும்பு 10–14. புரதத்தில் பாதியாவது பாலிலிருந்து வர வேண்டும்.

தண்ணீர்தான் மூன்றாவது காரணம், எனக்கு அதுவே முதல் காரணம். கூழ் ஆறினால் கிருமி வளரும். பசையில் ஈரம் 2.5 சதவீதத்துக்குள். பால் பவுடரும் சர்க்கரையும் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கின்றன. பாக்டீரியா பெருகத் தேவையான தண்ணீர் அங்கே இல்லை. பாதி பாக்கெட்டை மடித்து வைத்து மாலையில் கொடுத்தாலும் கெட்டுப்போகாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த எஃப்-100 பாலை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாமல் போனது இதனால்தான். கலக்கிய இரண்டு மணி நேரத்தில் அது கிருமிக்குத் தொட்டில்.

சத்துமாவுக்கும் திரிபோஷவுக்கும் வேலை இருக்கிறது. மெலியாமல் காப்பது அவற்றின் வேலை. மெலிந்து விழுந்த பிள்ளையைத் தூக்குவது வேறு வேலை.

#4 கச்சான்கொட்டை

என்ர பேரைப் பாத்தே விளங்கியிருக்கும், நான் கடலைக் கட்சி. ஆனா ஒண்டு சொல்லவேணும். பாக்கெட் கதைக்கு முதல் கைச் சுற்றளவு அளக்கிற நாடாக் கதை வரவேணும். ஆருக்குக் குடுக்கிறது எண்டு தெரியாம எவ்வளவு குடுக்கிறது எண்டு கதைச்சு என்ன பிரயோசனம்?

#5 நாடாக்காரி

சரியான இடம், கச்சான் அண்ணா. எழுதிவிடுகிறேன்.

6 மாதம் முதல் 59 மாதம் வரையான குழந்தை. இடது கை. முழங்கையை 90 பாகையில் மடக்கி, தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை முனை வரை அளந்து நடுப்புள்ளியில் குறி வைக்க வேண்டும். பிறகு கையைத் தொங்கவிட்டு, தளர்ந்திருக்கும்போது நாடாவைச் சுற்றி இரண்டு அம்புக்குறிக்கு நடுவே உள்ள சன்னலில் மில்லிமீட்டரில் படிக்க வேண்டும். 115-க்குக் கீழே சிவப்பு, கடும் மெலிவு. 115 முதல் 125-க்குள் மஞ்சள், நடுத்தர மெலிவு. 125-உம் அதற்கு மேலும் பச்சை.

தவறு எங்கே வரும்? மடக்கிய கையிலேயே அளந்துவிடுவார்கள், தசை புடைத்து அளவு கூடிவிடும். நாடாவை இழுத்துப் பிடிப்பார்கள், தோல் சுருங்கி அளவு குறையும். அழுது முறுக்கும் குழந்தையை அவசரமாக அளப்பார்கள். 114-க்கும் 116-க்கும் நடுவே இருப்பது இரண்டே மில்லிமீட்டர். அந்த இரண்டில்தான் பாக்கெட் கிடைப்பதும் கிடைக்காததும். வெயிலில் கிடந்து நீண்டுபோன நாடா, நிறம் தேய்ந்த நாடா, போட்டோகாப்பி எடுத்து வெட்டிய காகித நாடா மூன்றையும் தூக்கி எறிய வேண்டும்.

அடுத்தது வீக்கம். இரண்டு பாதத்தின் மேற்புறமும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுக்க வேண்டும். குழி அப்படியே நின்றால் வீக்கம். ஒரு காலில் மட்டும் என்றால் அது வேறு ஏதோ, இந்தக் கணக்கில் சேராது. பாதத்தோடு நின்றால் ஒரு கூட்டல். காலும் கையும் என்றால் இரண்டு. முகம் வரை ஏறினால் மூன்று. நாடா பச்சை காட்டினாலும் இரு பாதத்திலும் குழி விழுந்தால் கடும் வகைதான். கன்னம் உப்பியிருக்கும், தாய் "குண்டாகத்தானே இருக்கிறான்" என்பாள். இதை விட்டுவிடுவதுதான் ஆபத்திலேயே பெரிய ஆபத்து.

குவாஷியோர்கர் என்ற பெயர் இதற்குத்தான். கானாவின் கா மொழிச் சொல். அடுத்த குழந்தை வந்ததும் முலையிலிருந்து விலக்கப்பட்ட மூத்ததற்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. 1930-களில் சிசிலி வில்லியம்ஸ் மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். ஊர்ப் பாட்டிகளுக்குக் காரணம் முன்பே தெரிந்திருந்தது என்று அர்த்தம்.

#6 மணல்வழி

இதோடு தாய்மார் நாடாவையும் சேர்த்துவிடுங்கள் அக்கா. நைஜரில் சிந்தர் வட்டாரத்து மிரியாவில் தாய்மாருக்கே நாடாவைக் கொடுத்துப் பழக்கியதுதான் திருப்பம்.

#7 நாடாக்காரி

ஆமாம். அலிமா அமைப்பு அங்கே செய்து பார்த்தது. நடுப்புள்ளியை அளந்து குறிக்காமல் கண்ணால் பார்த்தே நாடாவைச் சுற்றினாலும், எந்தக் கையாக இருந்தாலும், தாய்மாரின் அளவு சுகாதாரப் பணியாளர் அளவோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. பணியாளர் மாதம் ஒருமுறை வந்தால் பெரிது. தாய் வாரா வாரம் பார்க்கலாம். மஞ்சளிலிருந்து சிவப்புக்கு விழுந்த அதே வாரத்தில் பிள்ளை வந்து சேரும், சிக்கல் வருவதற்கு முன்னால். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அனுப்ப வேண்டிய குழந்தைகள் குறைவது அதனால்தான்.

ஒரே எச்சரிக்கை: தாய் "சிவப்பு" என்று சொல்லி ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து, மையத்தில் 116 என்று திருப்பி அனுப்பினால் அவள் இரண்டாம் முறை வரமாட்டாள். அப்படி வருபவர்களுக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டுதான் நாடாவை விநியோகிக்க வேண்டும்.

#8 நள்ளிரவு_வார்டு

எல்லோரும் பாக்கெட்டைக் கொண்டாடுகிறீர்கள். யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று ஒருவரும் எழுதவில்லையே.

சிவப்பு நாடா வந்தவுடன் பசி சோதனை. அமைதியான இடம், தாய் கையைக் கழுவிக்கொண்டு பாக்கெட்டிலிருந்து நேராக ஊட்ட வேண்டும், பக்கத்தில் ஒரு குவளை நல்ல தண்ணீர். பசையில் தண்ணீரே இல்லை, தாகம் எடுக்கும். அரை மணி நேரம். 4 முதல் 6.9 கிலோ வரை கால் முதல் மூன்றில் ஒரு பங்கு பாக்கெட், 7 முதல் 9.9 வரை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி. அவ்வளவாவது சாப்பிட்டால் தேர்ச்சி. மூக்கைப் பிடித்துத் திணித்து "சாப்பிட்டது" என்று எழுதுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பசி என்பது இங்கே ஒரு மருத்துவ அறிகுறி. உள்ளே தொற்று முற்றியிருந்தால் முதலில் சாவது பசிதான்.

பசி இல்லை, அல்லது மூன்று கூட்டல் வீக்கம், ஓயாத வாந்தி, வலிப்பு, சோர்ந்து துவண்ட நிலை, உடல் வெப்பம் 35-க்குக் கீழே: இதில் ஒன்று இருந்தாலும் வார்டுக்கு. அங்கே முதல் நாளே பசையையோ எஃப்-100-ஐயோ ஏற்றினால் பிள்ளை செத்துப்போகும். இது மிகைப்பேச்சு இல்லை. பட்டினியில் உடம்பு எல்லா இயந்திரத்தையும் மெதுவாக்கி வைத்திருக்கும். திடீரென மாவுச்சத்து பாய்ந்தால் இன்சுலின் எழும்பும், இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரசும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடிவிடும், இதயம் நிற்கும்.

அதனால் முதலில் எஃப்-75 பால்: நூறு மில்லிக்கு 75 கலோரி, புரதம் குறைவு, இரும்பு அறவே இல்லை. கிலோவுக்கு நாளைக்கு 130 மில்லி, மூன்று கூட்டல் வீக்கம் என்றால் 100. ஏழு கிலோவுக்கு 910 மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுத்தால் தடவைக்கு 75 மில்லி.

அந்தப் பன்னிரண்டில் நாலைந்து நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே வரும். அவை தவறுவதுதான் சாவுக்குக் காரணம். இரத்தச் சர்க்கரை 54-க்குக் கீழே போகும், உடம்பு குளிரும். கருவி இல்லையென்றால் சோதித்துக்கொண்டிருக்காமல், குறைந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு 10 சதவீதச் சர்க்கரைத் தண்ணீர் 50 மில்லி வாயாலோ குழாயாலோ கொடுத்து, தாயின் மார்போடு தோலோடு தோலாக வைத்துப் போர்த்த வேண்டும்.

#9 பூவரசு

வயிற்றுப்போக்கோடு வந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

#10 நள்ளிரவு_வார்டு

கேட்டது நல்லது. வழக்கமான ஓ.ஆர்.எஸ்ஸில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல். மெலிந்த பிள்ளையின் செல்லுக்குள் ஏற்கெனவே சோடியம் தேங்கியிருக்கும், அதை வெளியே தள்ளும் பம்பு ஓய்ந்திருக்கும். அதனால் மெலிந்த பிள்ளைகளுக்கென்றே உள்ள ரிசோமால் கரைசல்: சோடியம் 45, பொட்டாசியம் 40. முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை கிலோவுக்கு 5 மில்லி. அதன் பிறகு ஒரு மணி ரிசோமால், ஒரு மணி எஃப்-75 என்று மாற்றி மாற்றி. காலரா என்றாலோ தண்ணீராகப் பீறிட்டாலோ மட்டும் வழக்கமான ஓ.ஆர்.எஸ்.

கண் குழிந்திருக்கிறது, தோலைக் கிள்ளினால் திரும்பவில்லை என்பதை வைத்து நீரிழப்பு என்று முடிவு கட்டக்கூடாது. மெலிந்த பிள்ளைக்கு அது எப்போதும் அப்படித்தான் இருக்கும். புதிதாக வார்டுக்கு வரும் மருத்துவர் சறுக்கும் இடம் இது. டிரிப் போட்டுவிடுவார், நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதிர்ச்சி நிலை தவிர நரம்பு வழித் திரவமே வேண்டாம்.

வீக்கத்தோடு வந்த குழந்தை முதல் வாரம் எடை குறையும். நீர் வடிகிறது, அவ்வளவுதான். பயந்து உணவைக் கூட்டிவிடாதீர்கள்.

#11 கிடங்குக்கணக்கு

இனி என் பகுதி. வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு எவ்வளவு பாக்கெட் என்ற வழக்கமான அட்டவணை மனப்பாடம்: 4 முதல் 5.4 கிலோவுக்கு வாரம் 14, 5.5 முதல் 6.9 வரை 18. 7 முதல் 8.4 வரை 21; 8.5 முதல் 9.4 வரை 25, 9.5 முதல் 10.4 வரை 28, 10.5 முதல் 11.9 வரை 32. 12-உம் மேலும் 35. ஒரு பெட்டியில் 150 பாக்கெட், நிகர எடை 13.8 கிலோ. ஏழு கிலோக் குழந்தைக்கு ஏழு வாரத்துக்கு 147. அதனால்தான் "ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டி" என்ற வாய்ப்பாடு.

லட்சம் பேர் உள்ள வட்டாரத்துக்குத் திட்டமிட்டால்: 6–59 மாதக் குழந்தைகள் சுமார் 18,000. கடும் மெலிவு 2 சதவீதம் என்றால் 360 பேர். 360 பெட்டி. ஐந்து டன்.

#12 தராசுமுள்

நிறுத்துங்கள் சார். இந்தக் கணக்கில்தான் ஆகஸ்டில் கிடங்கு காலியாகும். 360 என்பது ஆய்வு நடந்த அந்த ஒரு நாளில் இருந்தவர்கள். ஆண்டு முழுக்கப் புதிதாக விழுபவர்கள்? நோய் ஏழரை மாதம் நீடிப்பதாக வைத்துப் பன்னிரண்டை அதால் வகுத்தால் 1.6. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒன்று, புதிதாக வருபவர்களுக்கு 1.6, மொத்தம் 2.6-ஆல் பெருக்குவது வழக்கம். 360 × 2.6 = 936. இதில் உண்மையில் எத்தனை பேரை எட்டுவீர்கள்? கிராமப்புறத்தில் பாதியாவது என்பது நிவாரணப் பணிக்குத் தர அளவு சொல்லும் ஸ்பியர் கையேட்டின் குறைந்தபட்சம். பாதி என்றால் 468 பெட்டி, ஆறரை டன்.

அந்த 1.6-ம் கூட எல்லா ஊருக்கும் பொருந்தாது. மெலிவு வேகமாக வந்து வேகமாகத் தீரும் (குணமாகியோ, இறந்தோ) இடங்களில் உண்மைப் பெருக்கி இதைவிடப் பெரிது. முந்தைய ஆண்டின் சேர்க்கைப் பதிவேடு இருந்தால் இந்தச் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு அதையே நம்புங்கள்.

#13 கிடங்குக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், என் கணக்கு அரைகுறை. சேர்க்க வேண்டியது ஒன்று: 468-ஐப் பன்னிரண்டு மாதத்துக்குச் சமமாகப் பிரிக்கக்கூடாது. பாதிக்கு மேல் ஜூனிலிருந்து அக்டோபருக்குள் போய்விடும், அதே நேரத்தில் மண்சாலை மழையில் அறுந்து கிடக்கும். மே முடிவதற்குள் தொலைதூர மையத்தில் சரக்கு இருக்க வேண்டும்.

நைஜருக்குக் கடல் இல்லை. பெனினின் கொட்டோனு துறைமுகத்தில் இறக்கி லாரியில் ஏற்றுவது வழக்கமான வழியாக இருந்தது. 2023 ஜூலை ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு அந்த எல்லை மூடப்பட்டபோது நிவாரணச் சரக்கும் மாட்டிக்கொண்டது. டோகோவின் லோமேயிலிருந்து புர்கினா ஃபாசோ வழியாக, ராணுவக் காவலோடு வரும் வண்டி வரிசையில், சுற்றி வர வேண்டியதாயிற்று. பாக்கெட்டின் ஆயுள் இரண்டு ஆண்டு. பாதி ஆயுள் சாலையிலேயே போய்விட்டால் பழையது முதலில் என்ற ஒழுங்கைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

கிடங்கில்: தரையில் வைக்காதீர்கள், பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. தகரக் கூரைக்கு அடியில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். அது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை, திறப்பதற்கு முன் பிசைந்தால் கலந்துவிடும். தாய்க்கு இதைச் சொல்லாவிட்டால் எண்ணெயை மட்டும் பிழிந்து கொடுத்துவிட்டு அடியில் உள்ள பாலையும் உப்பையும் எறிந்துவிடுவாள். ஊதிய பாக்கெட், கசிந்த பாக்கெட் மட்டும் தனியே. எலிக்கு இந்தக் கடலை மேல் தனிப் பிரியம்.

#14 கச்சான்கொட்டை

ஏன் கப்பல்? நைஜரிலயே கச்சான் விளையுதே. நியாமேயில ஆலையும் இருக்கு.

#15 அரவைக்கல்

இருக்கிறது. நைஜரில் எஸ்.டி.ஏ., எத்தியோப்பியாவில் ஹிலினா, கென்யாவில் இன்ஸ்டா. நூட்ரிசெட்டின் காப்புரிமையும் 2018-இல் காலாவதியாகிவிட்டது, சட்டத் தடையும் இல்லை. சிக்கல் வேறு.

முதல் சிக்கல் பூஞ்சை. கடலை அறுவடைக்குப் பின் ஈரத்தோடு குவிந்தால் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளாடாக்சினை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. 2007 வரையறை நூறு கோடியில் ஐந்து பங்குக்கு மேல் கூடாது என்கிறது. சந்தையில் கிடைக்கும் மூட்டைகளில் பெரும்பகுதி இதில் தேறாது. நிறம் மங்கியது, சுருங்கியது, தோல் வெடித்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துப் பிறகே அரைக்க வேண்டும். கழித்தது போக மிஞ்சும் கடலையின் விலை, இறக்குமதி விலையைத் தொட்டுவிடும்.

இரண்டாவது, மலாவியில் பழகிய செய்முறையில் கடலைப் பசை 25 சதவீதம்தான். முழுப்பால் பவுடர் 30, சர்க்கரை 28, எண்ணெய் 15, மிச்சம் வைட்டமின்–தாதுக் கலவை. பெயர் கடலைக்கு, செலவு பாலுக்கு. பால் பவுடரும் வைட்டமின் கலவையும் எப்படியும் வெளியிலிருந்துதான் வருகின்றன, சில நாடுகளில் அதற்குச் சுங்கமும் கட்ட வேண்டும். முழுதாகச் செய்த பசைக்கு நிவாரணம் என்று சுங்க விலக்கு! இதுதான் எனக்கு எரிச்சல்.

மூன்றாவது சால்மொனெல்லா. பசையில் அது பெருகாது; ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். பச்சைக் கடலை இருக்கும் அறையையும் வறுத்த கடலை இருக்கும் அறையையும் சுவர் போட்டுப் பிரிக்க வேண்டும், ஆட்களும் மாறி நடக்கக்கூடாது. கலவை இயந்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கதை முடிந்தது. சூடான எண்ணெயால்தான் கழுவ வேண்டும்.

இந்தியாவிலும் இந்தப் பசையைச் செய்து ஏற்றுமதி செய்யும் ஆலைகள் உண்டு என்பதையும் போட்டுவைக்கிறேன்.

#16 பூவரசு

ஏற்றுமதி செய்யும் இந்தியா தன் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தயங்கியதே? 2009-இல் பீகாருக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் வந்த பாக்கெட்டுகளை ஒன்றிய அரசு எடுத்துப் போகச் சொன்னது.

#17 தராசுமுள்

அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருந்தது. அங்கன்வாடியில் சூடான சாப்பாடு போடும் அமைப்பு உள்ள நாட்டில், நடுத்தர மெலிவுக் குழந்தைகளுக்கும் பாக்கெட் என்று விரிந்தால் அது சிகிச்சையாக இருக்காது, சந்தையாகிவிடும். ஆனால் 115-க்குக் கீழே உள்ள பிள்ளைக்கும் அதே வாதத்தைச் சொல்வது தவறு என்பது என் கருத்து. இதை நீட்டினால் பழைய இழை மாதிரியே ஆகிவிடும், நைஜருக்குத் திரும்புவோம்.

#18 மணல்வழி

நன்றி சார். முக்கியமான சண்டை பாக்கி இருக்கிறது: அளவைக் குறைக்கலாமா? 2022-இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 4.5 கோடிக் குழந்தைகள் மெலிந்திருந்ததாக மதிப்பீடு, அதில் சுமார் 1.4 கோடி கடும் மெலிவு. எல்லோருக்கும் பெட்டி கிடையாது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நிறுத்தப்பட்டபோது ஆலையில் சரக்கு இருந்தும் நகராமல் கிடந்ததைப் பார்த்தோம்.

#19 கிடங்குக்கணக்கு

குறைக்கலாம் என்பதே என் கட்சி. கென்யாவிலும் தெற்கு சூடானிலும் நடந்த காம்பாஸ் ஆய்வு 2020-இல் வெளியானது. எடை அட்டவணையையே தூக்கிவிட்டு, சிவப்புக்கு நாளைக்கு இரண்டு, மஞ்சளுக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். குணமான விகிதம் வழக்கமான முறைக்குக் குறையவில்லை. கடும் வகைக்கு ஒரு பொருள், நடுத்தர வகைக்கு வேறு பொருள், இரண்டு கிடங்கு, இரண்டு பதிவேடு என்ற கூத்தும் ஒழிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பணியாளரும் செய்யலாம்.

#20 நள்ளிரவு_வார்டு

ஒன்பது கிலோப் பிள்ளைக்கு மூன்றரைக்குப் பதில் இரண்டு. அதாவது 1,750-க்குப் பதில் 1,000 கலோரி. கை சுற்றளவு தேறிவிடும், சரி. உயரம்? புர்கினா ஃபாசோவில் அளவு குறைத்துப் பார்த்த ஆய்வில் எடை ஒத்துப்போனாலும், ஒரு வயதுக்குட்பட்டவர்களின் உயர வளர்ச்சி சற்றுப் பின்தங்கியது. அதோடு "இரண்டு பாக்கெட்" என்பது அந்தப் பிள்ளை மட்டுமே சாப்பிடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. வீட்டில் இன்னும் நாலு வாய் இருந்தால் அந்த இரண்டில் எவ்வளவு போய்ச் சேரும்?

2023 உலக சுகாதார நிறுவன வழிகாட்டி நடுவே நிற்கிறது: கிலோவுக்கு 150 முதல் 185 கலோரி, கடும் நிலையைத் தாண்டிய பிறகு 100 முதல் 130 வரை இறக்கலாம். நான் அதோடு நிற்பேன்.

#21 கிடங்குக்கணக்கு

கையிருப்பு இருந்தால் நானும் அதோடு நிற்பேன். இல்லாதபோது கேள்வி "இரண்டா மூன்றரையா" என்று வருவதில்லை. முதலில் வந்த பாதிப் பேருக்கு மூன்றரை, மீதிப் பேருக்குச் சுழியம் என்று வருகிறது.

#22 நாடாக்காரி

இருவரும் ஒரே பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வயதுக்குக் கீழே முழு அளவு, மேலே குறைந்த அளவு என்று பிரித்தால் இருவர் கவலையும் பாதி தீரும். கிடங்குக்கும் தாங்கும்.

ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் பாக்கெட்டே கூடாது என்பதையும் யாராவது எழுதியிருக்க வேண்டும். அங்கே மருந்து தாய்ப்பால்தான். பால் வற்றியதாகத் தோன்றினால் 8-ஆம் எண் மெல்லிய குழாயின் நுனியை முலைக்காம்போடு ஒட்டி, மறுமுனையைப் பால் குவளைக்குள் விட்டு, குவளையைக் காம்புக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே பிடிக்க வேண்டும். குழந்தை உறிஞ்சும்போது குவளையிலிருந்தும் வரும். அந்த உறிஞ்சலே தாய்க்குப் பாலைச் சுரக்கவைக்கும். பலம் வந்ததும் குவளையைக் கொஞ்சம் கொஞ்சமாக 30 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். தாயின் சாப்பாட்டைக் கணக்கில் எடுக்காத மையத்தில் இது தோற்கும்.

#23 கச்சான்கொட்டை

ரெண்டு மூண்டு கிழமையாகியும் எடை ஏறாட்டி என்ன செய்யிறது? பாக்கெட் சந்தையில விக்குதெண்டும் கதை அடிபடுகுது.

#24 தராசுமுள்

முதலில் திட்டாதீர்கள். சந்தையில் பாக்கெட் தெரிந்தால் பெரும்பாலும் வீட்டில் வேறு சாப்பாடு இல்லை என்று பொருள். தாய் ஒன்றை விற்று எல்லோருக்கும் கம்பு வாங்கியிருப்பாள். சில திட்டங்களில் குடும்பத்துக்குத் தனியாகத் தானியமோ பணமோ கொடுப்பது இதைத் தடுக்கத்தான்.

மூன்றாம் வாரமும் எடை அசையவில்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பகிர்கிறார்களா, கூழில் கலக்கிறார்களா, தாய்ப்பாலுக்கு முன்னால் ஊட்டுகிறார்களா? தாய்ப்பால் முதலில், பசை பிறகு. அதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையென்றால் காசநோய், எச்.ஐ.வி. சோதனை. சேர்க்கும்போதே அமாக்ஸிசிலின் கொடுத்தார்களா, இரண்டாம் வாரம் வயிற்றுப் பூச்சி மருந்து, தட்டம்மைத் தடுப்பூசி விட்டுப்போயிற்றா என்று அட்டையில் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரை யாராவது தனியாகக் கொடுத்திருந்தால் நிறுத்துங்கள், பசையிலேயே இருக்கிறது.

வராமல் நிற்பவர்கள் இன்னொரு கதை. விதைப்பு மாதத்தில் சேர்க்கையும் கூடும், விடுபடலும் கூடும். ஸ்பியர் கணக்குப்படி குணமானவர்கள் 75 சதவீதத்துக்கு மேல், இறப்பு 10-க்குக் கீழ், விடுபட்டவர்கள் 15-க்குக் கீழ் இருக்க வேண்டும். விடுபடல் 15-ஐத் தாண்டினால் தாயைக் கேட்காதீர்கள், தூரத்தைக் கேளுங்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு இரண்டு வாரத்துப் பாக்கெட்டைச் சேர்த்துக் கொடுக்கலாம். மாலியின் கிட்டா வட்டாரத்தில் கிராமச் சுகாதாரப் பணியாளரிடமே பசையைக் கொடுத்து வைத்தபோது சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்களின் பங்கு கணிசமாகக் கூடியது.

#25 பூவரசு

எப்போது நிறுத்துவது? எடை 15 சதவீதம் கூடினால் என்று பழைய கையேடு ஒன்றில் பார்த்தேன்.

#26 நாடாக்காரி

அந்தக் கையேட்டை ஓரமாக வையுங்கள். மிக மெலிந்த பிள்ளைதான் மிக வேகமாக ஏறும். 15 சதவீதம் வந்தவுடன் அனுப்பினால் அதிகம் தேவைப்பட்டது முதலில் வெளியே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டியில் அது கைவிடப்பட்டது. நாடாவில் சேர்த்தால் நாடாவிலேயே விடுவியுங்கள்: அடுத்தடுத்த இரண்டு வருகையிலும் 125 மில்லிமீட்டர், இரண்டு வாரமாக வீக்கம் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நாடாவைத் தாயிடமே விட்டுவிடுங்கள்.

#27 பூவரசு

கடைசிச் சந்தேகம். காலிப் பாக்கெட்டைத் திருப்பி வாங்குகிறார்களே, குப்பைக்காகவா?

#28 கிடங்குக்கணக்கு

குப்பைக்கும்தான், அலுமினியம் பூசிய உறை மண்ணில் மக்காது. முதன்மையாக எண்ணிக்கைக்கு. போன வாரம் 21 கொடுத்தால் இந்த வாரம் 21 காலி உறை வர வேண்டும். 20, 19 பெரிதில்லை. 12 வந்தால் கேட்க வேண்டும். அத்தனையும் ஒரு சுருக்கமில்லாமல், ஒரே மாதிரி கத்தரிக்கோலால் வெட்டியிருந்தால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். பிள்ளைக்கு ஊட்டிய உறை மூலையில் கிழிந்து, பிசைந்து, பல் தடத்தோடு வரும். எண்ணை அட்டையில் அதே வரிசையில், எடைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எடை ஏறாத வாரமும் உறை குறைந்த வாரமும் ஒன்றாக இருக்கிறதா என்பது அப்போதுதான் கண்ணில் படும்.